அந்த இரண்டு 'உம்' எதற்கு?

வணக்கம்.

பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டீர்கள், அதனால் பெயரில்லாமலே தொடங்குகிறேன். போன மாதம் ஒரு வீடியோ கேம் ஸ்டூடியோவில் நடந்த ஆட்குறைப்பைப் பற்றி எழுதியபோது, 'டெவலப்பர்களும் டெஸ்டர்களும் வேலை இழந்தனர்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். ஆறு வருடமாக கேம் டெஸ்டராக இருக்கும் நீங்கள் அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி அனுப்பினீர்கள்: "அந்த இரண்டு 'உம்' எதற்கு சார்?"

முதலில் ஏதோ இலக்கணத் தகராறு என்று நினைத்தேன். மறுபடி படித்தபோதுதான் உறைத்தது: டெஸ்டர் வேறு, டெவலப்பர் வேறு என்று அந்த 'உம்' பிரித்துவிடுகிறது.

டெவலப்பர் என்றால் என் மனதில் கோட் எழுதுகிறவர்தான். கொஞ்சம் தாராளமாகப் போனால் படம் வரைகிறவர், இசை போடுகிறவர். டெஸ்டர் என்றால் நாள் முழுக்க கேம் ஆடிச் சம்பளம் வாங்கும் அதிர்ஷ்டசாலி! ஒரே கதவை இருநூறு தடவை திறந்து மூடுவது, சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோலரைப் பிடுங்குவது, கேம் திடீரென்று நின்றுபோனால் (கிராஷ்) அது எந்த பில்டில், அதாவது கேமின் எந்தப் பதிப்பில், எந்தக் கன்சோலில், பத்துக்கு எத்தனை தடவை என்று எழுதுவது, இதெல்லாம் நீங்கள் போனில் சொன்ன பிறகுதான் புரிந்தது. அதே கிராஷைத் தன் மேஜையில் வரவழைக்க முடியாத புரோகிராமர் எதைப் பிடித்துச் சரிசெய்வார்? அதற்கு வழி கண்டுபிடித்துக் கொடுப்பதே பாதி வேலை. (வெளியான கேமில் பக், அதாவது பிழை, இருந்தால் 'டெஸ்டே செய்யவில்லையா' என்று நானும் திட்டியிருக்கிறேன். பல நேரம் நீங்கள் எழுதிக் கொடுத்திருப்பீர்கள், வெளியீட்டுத் தேதி காத்திருக்காது.)

ரேவன் சாஃப்ட்வேர் என்ற அமெரிக்க கேம் ஸ்டூடியோவின் விவகாரத்தை நீங்கள்தான் ஞாபகப்படுத்தினீர்கள். கால் ஆஃப் டியூட்டி வார்ஸோன் என்ற கேமில் வேலை பார்த்த ஒப்பந்த டெஸ்டர்கள் சுமார் 12 பேரை 2021 டிசம்பரில் வெளியே அனுப்பப்போவதாக அறிவித்தார்கள். சக டெஸ்டர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியேறினார்கள், சங்கம் அமைக்கக் கிளம்பினார்கள். உடனே அதன் தாய் நிறுவனமான ஆக்டிவிஷன் பிளிசார்ட் என்ன சொன்னது? டெஸ்டர்கள் மட்டும் வாக்களித்தால் போதாது, ஸ்டூடியோ முழுக்க வாக்களிக்க வேண்டும் என்றது. வேலையை விட்டு அனுப்பும்போது தனி ஆட்கள், சங்கம் என்று வந்ததும் எல்லோரும் ஒரே குடும்பம். அமெரிக்கத் தொழிலாளர் உறவு வாரியம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. 2022 மே மாதம் சங்கத்துக்கான வாக்கெடுப்பில் 19-க்கு 3 என்ற கணக்கில் டெஸ்டர்கள் ஜெயித்தார்கள்.

யார் டெவலப்பர், யார் இல்லை என்ற இந்த எல்லைக்கோடு புதிதும் இல்லை, நிலையானதும் இல்லை. ஒரு காலத்தில் புரோகிராமரே அதற்கு வெளியேதான் நின்றார். அட்டாரி என்ற கேம் நிறுவனம் அந்த நாட்களில் தன் கேம்களில் எழுதியவர் பெயரைப் போடாது. அங்கே புரோகிராமராக இருந்த வாரன் ராபினெட் 'அட்வென்ச்சர்' கேமில் ஒரு ரகசிய அறை வைத்து, தன் பெயரை அதற்குள் ஒளித்துவிட்டு வேலையை விட்டுப் போனார். 1980-ல் ஒரு பையன் அதைக் கண்டுபிடித்துக் கடிதம் எழுதிய பிறகுதான் அட்டாரிக்கே தெரியும். 2021-ல் வந்த 'மெட்ராய்ட் ட்ரெட்' கேமில் வேலை பார்த்த சிலருக்கும் கிரெடிட்ஸில், அதாவது கேம் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில், பெயர் வரவில்லை. தயாரிப்புக் காலத்தில் 25 சதவீதமாவது இருந்திருக்க வேண்டும் என்பது ஸ்டூடியோவின் விதி. உழைப்பை நாட்காட்டியில் அளக்கும் விதி அது, எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

ஆனால் ஒரு இடத்தில் நான் உங்களோடு இல்லை. ஸ்டூடியோவில் கணக்கு எழுதுகிறவரும் டெவலப்பர்தான் என்றீர்கள். கிரெடிட்ஸில் அவர் பெயர் வரட்டும், கட்டாயம் வரட்டும். ஆனால் டெவலப்பர் என்ற சொல்லுக்கு என்னிடம் ஒரு சின்ன அளவுகோல்தான் இருக்கிறது: அவர் கை படாமல் இருந்தால் ஆடுகிறவரின் திரையில் ஏதாவது மாறியிருக்குமா? டெஸ்டர், மொழிபெயர்ப்பாளர், குரல் கொடுத்தவர் எல்லோரும் இதில் தேறுகிறார்கள். கணக்காளர் இல்லாவிட்டால் சம்பளம் வராது, ஆனால் ஹீரோ தாண்டும் உயரம் அப்படியேதான் இருக்கும். சரி, இதில் சண்டை போட வருவீர்கள் என்று தெரியும், வாருங்கள்.

அந்த வரியைத் திருத்திவிட்டேன். இப்போது அது 'டெஸ்டர்கள் உட்பட டெவலப்பர்கள் பலர் வேலை இழந்தனர்' என்று இருக்கிறது. உங்கள் பட்டியலில் இந்த பக்கை உடனே மூடிவிடாதீர்கள், ஒரு தடவை டெஸ்ட் செய்துவிட்டுச் சொல்லுங்கள்.