சிப்பியைத் திருப்பிப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கடற்சிப்பிகளின் வகைப்பாடு பற்றிய கட்டுரையில் படங்கள் அருமை. ஆனால் எல்லாமே ஓட்டின் வெளிப்புறப் படங்கள். கட்டுரையின் பிழைகளில் பாதி அங்கிருந்தே வந்தவை. ஒரு சிப்பி பாறையில் ஒட்டி வாழ்கிறதா, மணலுக்குள் புதைந்து வாழ்கிறதா என்பதைப் பொறுத்து ஓட்டின் வடிவம் அமைந்துவிடுகிறது. உறவே இல்லாத இரண்டு குடும்பங்கள் ஒரே வகை இடத்தில் வாழ்ந்து ஒரே உருவத்துக்கு வந்து சேர்வது இந்த உயிர்களிடம் சர்வசாதாரணம். வெளித்தோற்றத்தை வைத்து அட்டவணை போட்டால் அது வாழிடங்களின் அட்டவணையாக இருக்குமே தவிர, உறவுமுறையைக் காட்டாது.

உண்ணும் சிப்பி, முத்துச்சிப்பி, முட்சிப்பி, கண்ணாடிச் சிப்பி நான்கையும் ஒரே கட்டத்துக்குள் அடைத்திருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் இவை நான்கின் பெயரிலும் 'ஆய்ஸ்டர்' ஒட்டிக்கொண்டிருக்கிறது, காரணம் அவ்வளவுதான். உண்மையான ஆய்ஸ்டர்கள் ஆஸ்ட்ரியிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. இடது ஓட்டைப் பாறையோடு சிமெண்ட் வைத்தாற்போல் ஒட்டிக்கொள்ளும். முதிர்ந்த ஓட்டின் கீலில், அதாவது இரு ஓடும் இணையும் மூட்டில், பல் கிடையாது. உள்ளே, ஓட்டை மூடும் தசை ஒட்டியிருந்த தழும்பு ஒன்றே ஒன்றுதான், உட்புறமும் பீங்கான் போன்ற மங்கல் வெள்ளை. முத்தொளிப் படலம், அதாவது முத்துப்போல் மின்னும் உட்பூச்சு, இல்லாததால் இவற்றுக்குள் எப்போதாவது உருவாகும் முத்திலும் பளபளப்பு இருக்காது. பிங்க்டாடா பேரினத்து முத்துச்சிப்பியோ தானே சுரக்கும் பைசஸ் என்ற நாரால் பற்றிக்கொள்ளும். அந்த நார் வெளியே வருவதற்கென்றே வலது ஓட்டில், கீலின் முன்முனைக் 'காது'க்குக் கீழே ஒரு வெட்டு இருக்கும். நேரான கீலும் உட்புற முத்தொளியும் சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம்.

முட்சிப்பியான ஸ்பாண்டிலஸும் பாறையில் ஒட்டும், ஆனால் வலது ஓட்டால். அதன் கீலில் பந்தும் கிண்ணமுமாகப் பொருந்தும் இரண்டு பருத்த பற்கள் உண்டு. ஓட்டுக்குள் உடலைப் போர்த்தியிருக்கும் மூடகத்தின் விளிம்பில் வரிசையாகக் கண்கள் உண்டு. இரண்டும் விசிறிச் சிப்பிகளோடுதான் அதற்கு நெருக்கம் என்று சொல்கின்றன. ஒளி ஊடுருவும் தட்டையான பிளாகுனா, அதாவது கண்ணாடிச் சிப்பி, எதிலும் ஒட்டாமல் சேற்றின் மேல் கிடக்கும். கீலுக்கு அடியில் கூரைச் சட்டம் போல இரண்டு மேடுகள் விரிந்து இறங்கும். இதையும் இன்றைய வகைப்பாடு விசிறிச் சிப்பிகளின் வரிசையில்தான் வைக்கிறது.

அடுத்தது கீல் பற்கள். 1883இல் தொல்லுயிரியலாளர் நியூமாயர் பற்களின் அமைப்பை வைத்தே இந்தச் சிப்பி வகுப்பு (பைவால்வியா) முழுவதையும் பிரித்துக் காட்டினார். உங்கள் கட்டுரை ஏறத்தாழ அங்கேயே நிற்கிறது. பல் மிகப் பயனுள்ள அடையாளம், மறுக்கவில்லை. அதை மட்டுமே நம்பினால் எங்கே சறுக்கும் என்பதற்கு, சீப்புப் பற்கள் கொண்ட இரண்டு குழுக்களே போதும். ஆர்க்கா வகைச் சிப்பிக்கும் நியூகுலா என்ற சிறு சிப்பிக்கும் கீல் நெடுக ஒரே மாதிரிச் சிறுபற்கள் வரிசையாக இருக்கும். முதலாவதில் கீல்கோடு நேராக ஓடும், முகடுகளுக்கு (கீலுக்கு மேலே புடைத்த ஓட்டு உச்சிகளுக்கு) இடையே அகலமான தட்டைப் பரப்பு இருக்கும், உட்புறத்தில் முத்தொளி இருக்காது. நியூகுலாவில் பல்வரிசை முகட்டுக்குக் கீழே வளைந்து, நடுவில் இரு ஓடுகளையும் பிணைக்கும் பிணைநார் அமரும் சிறு குழியால் துண்டாகும். உட்புறம் முத்தொளி வீசும். உயிரோடு பார்த்தால் வேறுபாடு இன்னும் பெரிது. ஆர்க்கா செவுள்களால் நீரை வடிகட்டி உண்ணும். நியூகுலாவின் சிறிய செவுள்கள் முக்கியமாக மூச்சுக்கு. உணவைச் சேற்றிலிருந்து எடுத்துத் தருவது வாயருகே நீளும் உறுப்புகள். ஆகவே நியூகுலா புரோட்டோபிராங்கியா என்ற தொன்மையான கிளையில் இருக்கிறது. ஆர்க்காவோ மசல், விசிறிச் சிப்பி, ஆய்ஸ்டர் எல்லாம் அடங்கிய டெரியோமார்ஃபியாவில்.

படம் ஒன்றின் கீழ் 'இடது ஓடு' என்று அச்சாகியிருப்பது வலது ஓடு. சிறு பிழைதான், ஆனால் இடமா வலமா என்று தெரியாமல் மேலே சொன்ன ஆய்ஸ்டர், ஸ்பாண்டிலஸ் வேறுபாட்டையே பார்க்க முடியாது. மணலில் புதையும் பெரும்பாலான மட்டிகளில் ஓட்டின் உள்விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய கோடு ஓடும். மூடகம் ஓட்டோடு ஒட்டியிருந்த இடம் அது. அந்தக் கோடு ஒரு பக்கத்தில் மட்டும் நாக்கு போல உள்ளே மடங்கும். நீர்க்குழல்களை இழுத்து மடக்கி வைக்கும் இடம் என்பதால் அதுவே பின்பக்கம். ஓட்டின் உட்புறம் உங்களைப் பார்க்க, முகடு மேலே இருக்கும்படி பிடியுங்கள். மடிப்பு உங்கள் இடக்கைப் பக்கம் இருந்தால் இடது ஓடு, வலக்கைப் பக்கம் இருந்தால் வலது ஓடு. மடிப்பு ஆழமாக இருந்தால் குழல் நீளம், அந்த விலங்கு ஆழமாகப் புதைந்து வாழ்ந்தது என்று பொருள்.

மடிப்பே இல்லாவிட்டால்? மேற்பரப்பில் வாழ்ந்தது என்று உடனே எழுதிவிடக் கூடாது. லூசினிடே குடும்பத்துக்கு மடிப்பு கிடையாது, ஆனாலும் சேற்றுக்குள் நன்றாகவே புதைந்திருக்கும். நீர் உள்ளே வரும் வழியை முன்பக்கத்தில் பாதத்தால் துளைத்து அமைத்துக்கொள்கிறது; உணவில் பெரும்பங்கு செவுளுக்குள் குடியிருக்கும் கந்தக பாக்டீரியாவிடமிருந்து வருகிறது. முன்தசையின் தழும்பு நீண்டு, மேலே சொன்ன மூடகக் கோட்டிலிருந்து விலகி உள்ளே தொங்குவதை வைத்து இந்தக் குடும்பத்தைப் பிடித்துவிடலாம்.

இரண்டு ஓடு இருந்தாலே இந்த வகுப்பு என்று கட்டுரையின் முதல் பத்தி சொல்கிறது. பிராக்கியோபோடாவுக்கும் இரண்டு ஓடு உண்டு. அது மெல்லுடலியே இல்லை. அதன் ஓடுகள் மேலும் கீழுமாக அமைந்தவை, சிப்பியுடையவை இடமும் வலமுமாக. அதனால் பிராக்கியோபோடாவில் ஒவ்வொரு ஓட்டையும் நடுவே பிளந்தால் இரு பாதியும் ஒத்திருக்கும். சிப்பியில் பொதுவாக ஓட்டுக்கு ஓடுதான் ஒத்திருக்கும். ஆய்ஸ்டரில் அதுவும் இருக்காது என்பது வேறு கதை. இதைவிட வேடிக்கை பெர்த்தெலினியா. ஓட்டை மட்டும் பார்த்துச் சிப்பி என்று பதிவு செய்திருந்தார்கள். 1959இல் ஜப்பானில் காலெர்ப்பா பாசியின் மேல் உயிரோடு பிடிபட்டபோது தலையும் உணர்கொம்புமாக ஊர்ந்தது, நத்தை இனம்! அதன் இடது ஓட்டு முகட்டில் நத்தைக்கே உரிய சுருள் இருக்கிறது.

பைவால்வியா, பெலிசிப்போடா, லாமெல்லிபிராங்கியா மூன்றும் ஒரே வகுப்பின் பெயர்கள். தனித்தனிப் பிரிவுகளாகத் தந்திருப்பதைத் திருத்துங்கள். லின்னேயஸ் 1758இல் வைத்த முதல் பெயரே இன்று வழக்கில் உள்ளது. கப்பல் புழுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புழு என்று பெயர் வாங்கினாலும் அது மட்டிகளின் உறவுதான். மரம் துளைக்கும் கருவியாகச் சுருங்கிய இரு ஓடுகள் தலைமாட்டில் உண்டு.

மாதிரிகளைச் சுத்தம் செய்ய வினிகர் பரிந்துரைத்திருப்பது ஆபத்து. ஓடு கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் முதலில் கரைவது பல்லின் நுனியும் உட்புற மூடகக் கோடும், அதாவது அடையாளம் காணத் தேவையானவையே. பிளீச்சிங் திரவம் ஓட்டின் மெல்லிய வெளித்தோலையும் பிணைநாரையும் தின்றுவிடும். நன்னீரில் ஊறவைத்து மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். மங்கலான தழும்பு தெரிய, ஓட்டை லேசாக நனைத்துப் பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். ஓக் மரப் பெட்டியில் வைக்காதீர்கள். மரத்திலிருந்து கசியும் அசிட்டிக் அமில ஆவி, ஆண்டுக்கணக்கில் ஓட்டின்மேல் வெள்ளை உப்பாகப் பூத்து அரித்துவிடும்.

தொடரின் அடுத்த பகுதியில் ஒவ்வொரு இனத்துக்கும் இரு ஓடுகளின் உட்புறப் படமும், முகடு மேலிருக்க, பக்கத்தில் அளவுகோலோடு வரட்டும். கிடைத்த ஆழம், தரையின் தன்மை, தேதி மூன்றையும் படத்தின் கீழ் ஒரு வரியில் சேருங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்