கட்டைவிரலுக்கு மூன்று வாரம்

சிராக்கியூஸ், அமெரிக்கா,
பிப்ரவரி 11.

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். மார்கழிக் கடைசியில் நீங்கள் எழுதிய கடிதம் என் கைக்கு வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. வாராவாரம் தொலைபேசியில் பேசிவிடுகிறோமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பதில் எழுதாமல் இருந்துவிட்டேன், அது தவறு. தொலைபேசியில் அம்மா என் சாப்பாட்டை விசாரித்து முடிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது, நீங்களும் "உடம்பைப் பார்த்துக்கொள்" என்ற ஒரு வாக்கியத்தோடு அக்காவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். கடிதத்தில்தான் "ராத்திரியில் என்ன செய்கிறாய், யாரோடு பேசுகிறாய்" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு ஒழுங்கான பதில் எழுத வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கிதார் கற்றுக்கொள்கிறேன், அப்பா. ஒரே ஒரு பாட்டு. அதையும் ஐந்து மாதமாகக் கற்றுக்கொள்கிறேன்.

கீழ்வீட்டுத் தாத்தாவைப் பற்றி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நான் வைக்கும் ரசத்தை "மிளகுக் கஞ்சி" என்று சொல்லி இரண்டு கோப்பை குடிப்பவர். எவ்வளவு பனி பெய்தாலும் ஒவ்வொரு இரவும் பின்வாசல் படியில் போய் நின்று, அந்தப் பக்கம் போகும் கூட்ஸ் வண்டியில் எத்தனை வேகன் என்று எண்ணி, ஒரு சின்ன நோட்டில் குறித்துவைப்பது அவருடைய வழக்கம். இந்த ஊரில் ஆண்டுக்குச் சராசரியாக 120 அங்குலத்துக்கு மேல் பனி விழும். ஒன்டாரியோ ஏரியைக் கடந்து வரும் குளிர்காற்று ஏரியின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வந்து எங்கள் தலையில் பனியாகக் கொட்டுகிறது. அந்தப் பனியில் நின்று வேகன் எண்ணும் ஒரு மனிதரைப் பார்த்தபோது எனக்கு வினோதமாகத் தோன்றவில்லை, உங்கள் ஞாபகம்தான் வந்தது. "என் அப்பா வேகன் செய்கிற இடத்தில் முப்பத்தாறு வருடம் ஃபிட்டராக இருந்தவர்" என்று சொன்னேன். அன்றைக்கே அவர் என்னை வீட்டுக்குள் கூப்பிட்டு, கிதாரை எடுத்து, கூட்ஸ் வண்டியைப் பற்றிய இந்தப் பாட்டை வாசித்துக் காட்டினார்.

பாட்டின் பெயர் 'ஃபிரைட் டிரெயின்'; கூட்ஸ் வண்டி என்றுதான் பொருள். எலிசபெத் காட்டன் என்ற கறுப்பினப் பெண்மணி 11, 12 வயதில் கட்டிய பாட்டு என்று சொல்கிறார்கள். 1893-ல் வட கரோலினாவில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் பிறந்தவர். வீட்டு வேலை செய்து சேர்த்த காசில், 3 டாலர் 75 சென்ட் கொடுத்து ஒரு கிதார் வாங்கியவர். பிறகு கல்யாணம், குழந்தை, தேவாலயக் கட்டுப்பாடு என்று கிதாரையே மறந்து பல பத்தாண்டுகள் வீட்டு வேலைக்காரியாகக் காலம் தள்ளியிருக்கிறார். வாஷிங்டனில் ஒரு கடையில் தொலைந்துபோன சிறுமியைத் தாயிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது வழியாக ஓர் இசைக் குடும்பத்தில் வேலை கிடைத்து, அந்த வீட்டுச் சுவரில் தொங்கிய கிதாரைத் தொட்டபோதுதான் பழைய பாட்டெல்லாம் திரும்பி வந்ததாம். முதல் இசைத்தட்டு வந்தது 1958-ல், 65 வயதில். கடைசிக் காலத்தில் இந்த சிராக்கியூஸில் வந்து குடியிருந்து, 1985-ல் கிராமி விருது வாங்கி, 1987-ல் இங்கேயே இறந்துபோனார். அவர் பெயரில் இங்கே ஒரு சிறு தோப்பும், கிதாருடன் ஒரு வெண்கலச் சிலையும் இருக்கின்றன. போன ஐப்பசியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இனி பாட்டைக் கற்ற விதத்தைச் சொல்கிறேன். உங்களுக்குத்தான் அது புரியும். கிதாரில் ஆறு தந்தி. கனத்த தந்திகளைக் கட்டைவிரல் மட்டும் மீட்ட வேண்டும்: ஐந்தாம் தந்தி, நான்காம் தந்தி, ஆறாம் தந்தி, மறுபடி நான்காம் தந்தி என்று நான்கு தட்டாக, தண்டவாள இணைப்பில் சக்கரம் தட்டுவதுபோல, பாட்டு முடியும்வரை நிற்காமல் நடக்க வேண்டும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கீழே உள்ள மெல்லிய தந்திகளில் பாட்டை வாசிக்கும். சில சுரங்கள் கட்டைவிரலோடு சேர்ந்து விழும், சில சுரங்கள் இரண்டு தட்டுக்கு நடுவில் விழும். இந்த நடுவில் விழும் சுரங்கள்தான் பாட்டுக்கு உயிர். விரல் நடுவில் விழப் போனால் கட்டைவிரல் தயங்குகிறது, அல்லது விரலோடு சேர்ந்து ஓடிவிடுகிறது. அதனால் தாத்தா முதல் மூன்று வாரம் என்னை வேறு எந்த விரலையும் அசைக்க விடவில்லை. கட்டைவிரலை நடக்கவிட்டபடி காலையில் என்ன சாப்பிட்டேன், அலுவலகத்துக்கு எந்த வழியாகப் போனேன் என்று பேச வேண்டும். பேச்சு தடுமாறாமல் வந்தால்தான் கட்டைவிரல் தானாக நடக்கிறது என்று அர்த்தமாம். அங்கே இல்லாத ஒருவரிடம் பேசுவதாக வைத்துக்கொண்டு என் அறையில் பயிற்சி செய்தேன். பெரும்பாலும் உங்களிடமும் அம்மாவிடமும்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

இடக்கைக்கு நான்கைந்து கார்டுகள், அதாவது பல தந்திகளைச் சேர்த்து அழுத்தும் விரல் அமைப்புகள், போதும். சி, ஜி செவன், இ செவன், எஃப் என்று அவற்றுக்குப் பெயர். எஃப் வாசிக்க ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்து எல்லாத் தந்தியையும் அழுத்துவது ஒரு முறை. தாத்தா சொல்லிக்கொடுத்தது வேறு: இடக்கைக் கட்டைவிரலைக் கழுத்தின் மேல்பக்கமாகக் கொண்டுவந்து ஆறாம் தந்தியை முதல் மெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளை மெட்டு என்பார்கள்) அழுத்த வேண்டும். இ செவனிலிருந்து எஃப்புக்குத் தாவும் இடத்தில் இரண்டு மாதம் நின்றேன். சுரங்கள் எல்லாம் வந்துவிட்டன, ஆனாலும் பாட்டு இடறியது. கைப்பேசியில் பதிவு செய்து கேட்டபோதுதான் காரணம் தெரிந்தது: அந்த இடம் வரப்போகிறது என்ற பயத்தில் அதற்கு முந்தைய இரண்டு தட்டுகளை அவசரப்படுத்தியிருக்கிறேன். பிழை எஃப்பில் இல்லை, அதற்கு முன்னால் இருந்தது. அந்த இரண்டு தட்டை மட்டும் நிமிடத்துக்கு 50 தட்டு என்ற வேகத்தில் வைத்து, தினம் நூறு முறை வாசித்தேன். இப்போது முழுப் பாட்டும் 88-ல் நிற்கிறது. 92 வைத்தால் இன்னும் கலைகிறது.

அரத்தைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தபோது, முன்னால் போகும்போதுதான் அது வெட்டும், திரும்பி வரும்போது அழுத்தினால் பல் மழுங்கும், அதனால் வரும் கையைத் தளர்த்திவிடு என்று சொன்னீர்களே, அது இங்கே எனக்கு உதவியது. தந்தியை மீட்டிய விரலை உடனே தளர்த்தாமல் விறைப்பாக வைத்திருந்ததால்தான் அடுத்த சுரம் தாமதமாக வந்தது. தளர்த்தப் பழகிய பிறகு சத்தமே மாறியது. கட்டைவிரல் சுரங்கள் பாட்டை மூடிவிடாமல் இருக்க உள்ளங்கையின் ஓரத்தை, தந்திகள் மரத்தில் ஏறும் இடத்தில் லேசாகச் சாய்த்து வைத்தால், அடித்தந்திகள் மட்டும் அடங்கி ஒலிக்கும். எவ்வளவு சாய்ப்பது என்பது மயிரிழைக் கணக்கு. மார்கழி முழுவதும் அதிலேயே போயிற்று.

கிதாரையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வீட்டைச் சூடாக்கும் காற்று மரத்தின் ஈரத்தை எடுத்துவிடுகிறது. மெட்டுக் கம்பியின் முனைகள் வெளியே துருத்திக் கையைக் கிழித்தன. ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருக்க வேண்டுமாம். ஓட்டை போட்ட சோப்பு டப்பாவில் ஈரப் பஞ்சை வைத்து கிதார்ப் பெட்டிக்குள் போட்டிருக்கிறேன். கிதார் தாத்தாவுடையது, எனக்கு எந்தச் செலவும் இல்லை.

அலுவலகத்தில் வேலை நேரத்தை மாற்றியமைத்திருப்பதால் புதனும் வெள்ளியும் வீட்டில்தான் இருக்கிறேன். என்னோடு தங்கியிருந்த மதுரைக்காரர் மார்கழியில் சிகாகோவுக்கு மாறிப் போய்விட்டார்; வீடு இப்போது அமைதியாக இருப்பது பயிற்சிக்கு வசதியாக இருக்கிறது. அம்மா கொடுத்த சாம்பார்ப் பொடி தீர்ந்துவிட்டது என்பது தவிர வேறு குறை இல்லை.

ஒன்றை மட்டும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பாட்டில் அந்தச் சிறுமி, தான் இறந்த பிறகு தெருக்கோடியில் தன்னைப் புதைக்க வேண்டும், அங்கே படுத்தபடி தன் ரயில் போவதைக் கேட்க வேண்டும் என்று பாடுகிறாள். போன செவ்வாய்க்கிழமை முதல்முறையாக அந்த அடி இடறாமல் வந்தது. அதே நேரம் வெளியே கூட்ஸ் வண்டி போயிற்று. எனக்குப் பொன்மலை வீட்டின் பின்கட்டு, நீங்கள் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து கால் கழுவும் சத்தம், காலைச் சங்கு ஊதியதும் தெரு முழுக்கச் சைக்கிள் மணி, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அம்மாவின் கையைப் பிடித்து நடந்தது எல்லாம் ஒன்றாக வந்துவிட்டன. கிதாரை வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். 1928-ல் ரயில்வே ஒர்க்‌ஷாப் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்தபோது கூடவே வந்த கொள்ளுத்தாத்தா கடைசிவரை கடல் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்ததாக நீங்கள் சொல்வீர்கள். சிறுவயதில் அதை ஒரு கதையாகத்தான் கேட்டேன்.

இனி வீட்டு விஷயங்கள். அக்கா மகள் இடக்கையால் எழுதுகிறாள், அம்மாவும் அரியமங்கலம் அத்தையும் பென்சிலைப் பிடுங்கி வலக்கையில் கொடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதை நிறுத்தச் சொல்லுங்கள். எலிசபெத் காட்டன் இடக்கைக்காரர். வலக்கைக்காரர்களுக்குத் தந்தி கட்டிய கிதாரைத் தலைகீழாகப் பிடித்து, நாங்கள் கட்டைவிரலால் வாசிப்பதை விரல்களாலும், நாங்கள் விரல்களால் வாசிப்பதைக் கட்டைவிரலாலும் வாசித்தார். யாரும் திருத்தாமல் விட்டதால் அந்த வாசிப்புக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. பாப்பா சாப்பிடுவதற்கு வலக்கையைப் பழக்கினால் போதும். எழுதுவதை அவள் கைக்கே விட்டுவிடுங்கள். அக்காவுக்கும் நான் தனியாக எழுதுகிறேன்.

உங்கள் கண் அறுவைச் சிகிச்சையைப் பங்குனிக்குத் தள்ளிப்போட வேண்டாம். மாசியிலேயே முடித்துவிடுங்கள், கல்லுக்குழி மாமா கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கான பணத்தை இந்த மாதம் பாதியும் அடுத்த மாதம் பாதியுமாக அனுப்புகிறேன். வங்கியில் ஒரு சிறிய தாமதம், வேறொன்றும் இல்லை. அம்மாவின் வளையல் அடகு வைத்த இடத்தில் வட்டி மட்டும் இப்போதைக்குக் கட்டிவிடுங்கள், அசலைக் கட்டி ஆடிக்குள் மீட்டுவிடலாம். சித்திரையில் வருவதாகச் சொன்ன பயணத்தை ஆவணிக்கு மாற்றியிருக்கிறேன். அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள், நான் சொன்னால் அழுவாள். மாடிப்படிக்கு மேலே ஒழுகும் இடத்தை மழைக்கு முன் பூசிவிட வேண்டும். கொத்தனாரிடம் கூலி பேசும்போது மாமாவை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

சாம்பார்ப் பொடியை யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்பினால் போதும், அதற்காகத் தபால் செலவு செய்ய வேண்டாம். தாத்தா உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார்: நீங்கள் வேலை பார்த்த காலத்தில் ஒரு கூட்ஸ் வண்டியில் அதிகபட்சம் எத்தனை வேகன் கோப்பார்கள்? அவருடைய நோட்டில் எழுதிவைக்க வேண்டுமாம். அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுதுங்கள்.

தங்கள் அன்பு மகன்.