பழைய தெல்தெனியவில் தூண்டில் போட்டேன்

தெல்தெனிய,
ஞாயிறு இரவு

அன்புள்ள நண்பா,

கனடாவிலிருந்து நீ அனுப்பிய தூண்டில் சாமான் பொதி என் கைக்கு வந்து ஆறு வாரமாகிறது. கிடைத்தது என்று அன்றே ஒரு வரி எழுதியிருக்கலாம். ஆனால் உள்ளே இருந்ததைத் தண்ணீரில் இறக்கிப் பார்க்காமல் உனக்கு எழுத மனம் வரவில்லை. இப்போது பார்த்துவிட்டேன். அதனால் இது நீண்ட கடிதம். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நீ நாற்காலியிலேயே இருப்பதாக உன் மகள் சொன்னாள். ஆற அமர வாசி.

இங்கே எல்லோரும் நலம். மூத்தவள் கண்டிக்கு மாற்றலாகி வந்துவிட்டாள். ரங்கலையில் நாம் பிறந்த லயத்து வீட்டுக்குக் கூரைத் தகரம் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். உன் அம்மா நட்ட பலா இன்னும் காய்க்கிறது. பொங்கலுக்குப் போனபோது ஒரு காய் கொண்டுவந்து சமைத்தோம். உன் அம்மாவின் கைப்பக்குவம் வரவில்லை என்று என் மனைவி சொன்னாள், எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பொதிக்கு வருகிறேன். ரப்பர் புழுக்களெல்லாம் வழியில் நசுங்கி, வால் மடிந்து வந்து சேர்ந்தன. மடிந்த புழு தண்ணீரில் சுழலும், நூலை முறுக்கும் என்று நீ தாளில் எழுதியிருந்தாய். பழைய சட்டி ஒன்றில் வெந்நீர் வைத்து ஒரு நிமிடம் போட்டேன். இளகியதும் எடுத்து, பலகைமேல் நேராகக் கிடத்தி ஆறவிட்டேன். புதிதாக வார்த்ததைப் போல நிமிர்ந்துவிட்டன. அந்தச் சட்டியை இனிச் சமையலுக்கு எடுக்கக் கூடாது என்று சொல்லி வெளியே வைத்துவிட்டேன். புழுவை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய் சோற்றில் கலக்க வேண்டாம். முதல் ரப்பர் புழுவே ஓர் அடுப்பங்கரையில்தான் பிறந்தது என்று நீ எழுதியிருந்ததை, 1949இல் அமெரிக்காவின் அக்ரன் நகரத்தில் நிக் கிரீம் என்பவர் மண்புழு வடிவத்தில் அச்சு செய்து வார்த்த கதையை, என் மனைவியிடம் சொன்னேன். அவருடைய மனைவி அந்தச் சட்டிகளை என்ன செய்தாராம் என்று கேட்டாள். தெரிந்தால் எழுது.

அடுத்தது கோப்பது. முள்முனை வெளியே தெரியாமல் புழுவை மாட்டும் டெக்சாஸ் முறைக்கு நீ வரைந்து அனுப்பிய படத்தைச் சுவரில் ஒட்டிவைத்து மூன்று இரவுகள் பழகினேன். துப்பாக்கி ரவை வடிவத்தில் நடுவே துளையுள்ள குண்டு. அதை முதலில், கூர்ப்பக்கம் மேலே பார்க்க நூலில் கோத்தேன். பிறகு முள். நூலை இரட்டையாக மடித்து முள்ளின் காதில் நுழைத்து, தளர்வாக முடிச்சிட்டு, அந்த வளையத்துக்குள் முள்ளையே நுழைத்தெடுத்து, எச்சில் தடவி இறுக்கும் அந்த பலோமர் முடிச்சு எனக்குப் பிடித்துவிட்டது. இத்தனை காலம் நாம் போட்ட முடிச்சுகளையெல்லாம் நினைத்தால், எத்தனை மீன்கள் அவிழ்ந்துபோன முடிச்சோடு போயிருக்கும் என்று கவலையாக இருக்கிறது.

புழுவை மாட்டுவதுதான் பாடம். முனையைத் தலையின் நட்ட நடுவில் குத்தி, அரை சென்ரிமீற்றர் போனதும் பக்கவாட்டில் வெளியே எடுத்து, காதும் அதன் கீழுள்ள படிபோன்ற மடிப்பும் புழுவின் தலைக்குள் உட்காரும்வரை முள்ளை இழுத்து, அரைவட்டம் திருப்ப வேண்டும். அடுத்த குத்தில்தான் கை அவசரப்படுகிறது. நானும் அவசரப்பட்டேன். வாலை நோக்கிக் கொஞ்சம் தள்ளிக் குத்தினேன், புழு முதுகு வளைத்துக் கூனிக்கொண்டது. தலைப்பக்கம் நெருக்கிக் குத்தினேன், இழுபட்டுத் தலை கிழிந்தது. பிறகுதான் நீ எழுதியிருந்த அந்த ஒரு வரியைச் சரியாகப் படித்தேன்: முள்ளைப் புழுவோடு சேர்த்துத் தொங்கவிட்டுப் பார். தொங்கவிட்டால் முள்ளின் வளைவு புழுவில் எந்த இடத்துக்கு நேராக வருகிறது என்று அதுவே காட்டிவிடுகிறது. அங்கே நகத்தால் ஒரு கோடு கிழித்து, அந்தக் கோட்டில் நேராகக் குத்தினால் புழு அளவெடுத்துத் தைத்த சட்டைபோல முள்மேல் கிடக்கிறது. மறுபக்கம் எட்டிப்பார்க்கும் முனையைப் புழுவின் தோலுக்குள் மயிரிழை அளவு மறைத்துவிட்டால் முடிந்தது. புல்லிலும் கட்டையிலும் சிக்காது. மீன் வாயை மூடினால் முனை வெளியே வரும். முப்பத்திரண்டு ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கேத்திர கணிதம் சொல்லிக்கொடுத்தவனுக்கு, இப்படி ஒரு பொருள் தன் அளவைத் தானே சொல்லும்போது வரும் மகிழ்ச்சியை உனக்கு விளக்க வேண்டியதில்லை.

இனி நான் எழுத ஆசைப்பட்ட இடத்துக்கு வருகிறேன்.

இந்த முறை மழை பிந்திவிட்டது. விக்டோரியா நீர்த்தேக்கம் நன்றாக இறங்கியிருந்தது. கரைகளில் சிவந்த மண் படிப்படியாகத் தெரிந்தது. உரிமம் வைத்திருக்கும் மீனவர் ஒருவரின் வள்ளத்தில் விடியற்காலையில் போனேன். ஹுலு கங்கை வந்து விழும் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தபோது, அவர் துடுப்பை நிறுத்திவிட்டு, “மாஸ்டர், பழைய டவுன் இங்கேதான்” என்றார். இன்னும் கொஞ்சம் நீர் இறங்கினால் சுவர்கள் வெளியே வரும், இப்போது ஓர் ஆள் ஆழத்தில் இருக்கிறது என்றார்.

நீ 1983இல் கனடாவுக்குப் போனவன். 1985இல் அணையைத் திறந்துவைத்தபோது நீ அங்கே பனியில் வேலை தேடிக்கொண்டிருந்தாய். 122 மீற்றர் உயர அணை. அதன் பின்னால் தேங்கிய தண்ணீரில் பழைய தெல்தெனிய போய்விட்டது என்று நான் எழுதியதை வாசித்தாய், ஆனால் பார்க்கவில்லை. உன் நினைவில் அந்தக் கடைத்தெரு இன்னும் காய்ந்த நிலத்தில்தான் இருக்கிறது. சனிக்கிழமை ரங்கலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி, முதலில் நாம் நுழையும் அந்தத் தேநீர்க் கடை, அதற்குப் பக்கத்தில் தையற்கடை, தூண்டில் முள்ளை ஒன்று ஒன்றாக எண்ணிக் கொடுக்கும் சாமான் கடை.

அந்த இடத்தில் உன் புழுவைப் போட்டேன்.

நீ டங்ஸ்டன் குண்டு அனுப்பியதன் காரணம் அப்போதுதான் புரிந்தது. ஈயம் மென்மையானது, அடியில் பட்டதை விழுங்கிவிடும். டங்ஸ்டன் கெட்டியானது, பட்டதையெல்லாம் நூல் வழியே கைக்கு அனுப்புகிறது. நைலோன் தங்கூசி இழுபடும். நீ அனுப்பிய பின்னல் நூல் இழுபடுவதில்லை. தூண்டில் கோலின் நுனியைத் தாழ்த்தி மெல்ல இழுத்தேன். முதலில் சேறு, கையில் ஒன்றும் தெரியவில்லை, கனம் மட்டும். பிறகு சரளை, நறநறவென்று. அதன் பிறகு சட்டென்று ஒரு வழவழப்பு. குண்டு எதிலும் தடுக்காமல் சறுக்கிக்கொண்டே வந்தது. ஏழெட்டு அடி தூரம் அப்படி. பின் ஒரு விளிம்பு, டக்கென்று ஒரு படி இறங்கியது. இன்னும் ஒரு படி. மீண்டும் சேறு.

சீமெந்துத் தரை, நண்பா. ஒரு கடையின் தரை, வாசலில் இரண்டு படிகள். யாருடைய கடை என்று தெரியவில்லை. திரும்பத் திரும்ப அதே இடத்தில் போட்டு, மேலே இருந்து கீழே, பக்கவாட்டில் என்று இழுத்துக்கொண்டே இருந்தேன். வேறு முள்ளாக இருந்தால் முதல் வீச்சிலேயே ஏதாவது கல்லிடுக்கில் மாட்டி அறுந்திருக்கும். முனையை உள்ளே மறைத்துவைத்த புழு சுவரில் ஏறி இறங்கி வந்துகொண்டே இருந்தது. வள்ளக்காரர் பேசாமல் இருந்தார். அவருடைய தகப்பனாருக்கும் அந்தத் தெருவில் ஒரு பெட்டிக்கடை இருந்ததாம், பிறகு சொன்னார்.

உங்கள் ஒன்ராறியோவின் ரைஸ் ஏரியைப் பற்றி நீ எழுதியது அப்போது நினைவுக்கு வந்தது. 1854இல் அந்த ஏரியின் குறுக்கே போட்ட ரயில் பாதை, பனிக்கட்டி தள்ளிப் பாலம் சிதைந்துபோக, இன்று அதன் மேடு மட்டும் தண்ணீருக்கடியில் கிடக்கிறது, அதன் ஓரத்தில்தான் பாஸ் மீன் நிற்கும் என்று எழுதியிருந்தாய். நீ அங்கே ரயில் பாதையைத் தடவிக்கொண்டிருக்கிறாய், நான் இங்கே கடைத்தெருவை.

மீன் கிடைத்ததா என்று கேட்பாய். கிடைத்தது. பாஸ் நம் தண்ணீரில் இல்லை, ஆனால் நீ ஊகித்தது சரி: பாஸுக்குச் செய்வதை விராலுக்குச் செய்யலாம். இரண்டும் மறைந்து நின்று பாய்பவை. விராலில் நமக்கு ஒரு வசதி, அது காற்றை விழுங்க மேலே வந்துதான் ஆக வேண்டும். ஆகாயத்தாமரை ஓரத்தில் ஒரு குமிழி வெடித்ததும், குண்டைக் கழற்றிவிட்டு, வெறும் புழுவை அந்த இடத்துக்குச் சற்று அப்பால் போட்டு இலைகளின் மேலாக இழுத்துவந்தேன். இலை முடிந்து தண்ணீர் தொடங்கும் இடத்தில் தண்ணீர் பிளந்தது. உடனே இழுக்காமல் நூல் இறுகும்வரை பொறுத்து, பிறகு தோளிலிருந்து பலமாக ஒரு இழுப்பு. விராலின் வாய் எலும்பு கெட்டி, முள் முதலில் புழுவைத் துளைத்து அதன் பிறகு வாயைத் துளைக்க வேண்டும். மென்மையாக இழுத்தால் புழுதான் திரும்பி வரும். ஒன்றரைக் கிலோ இருக்கும். அன்று இரவு குழம்பு.

உனக்கு நினைவிருக்கிறதா, விராலுக்கு நாம் எதை மாட்டுவோம் என்று? குட்டித் தவளை. உயிரோடு முதுகில் குத்தித் தண்ணீரில் விடுவோம். நீ ஒரு நாளும் குத்தமாட்டாய், முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னிடம் நீட்டுவாய். நான் குத்துவேன். அந்த உதைப்பு இன்றும் என் விரலில் இருக்கிறது. இந்த வயதில், மீன் பிடிக்க ஒரு தவளையையும் குத்த வேண்டியதில்லை என்று ஆனது எனக்குப் பெரிய ஆறுதல். அதற்காகவே உனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதில் எனக்குக் கோபமே உண்டு. விரால் குஞ்சுகள் செந்நிறத்தில் கூட்டமாக மேலே மிதக்கும், அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின் நடுவே எதைப் போட்டாலும் பெரிய மீன் அடிக்கும். அது பசியால் அடிப்பதில்லை, பிள்ளைகளைக் காக்க அடிக்கிறது. அதை எடுத்துவிட்டால் அந்தக் குஞ்சுகளை மாலைக்குள் மற்ற மீன்கள் தின்றுவிடும். அன்று வள்ளத்துக்கு இருபது அடி தூரத்தில் அப்படி ஒரு கூட்டம் வந்தது. கரையில் நின்ற இரண்டு இளைஞர்கள் வேண்டாம் என்று நான் கத்தக் கத்தப் போட்டார்கள், பிடித்தார்கள். உங்கள் ரைஸ் ஏரிப் பக்கம் ஆண் பாஸ் கூட்டைக் காக்கும் காலம் முடியும்வரை, ஜூன் பிற்பகுதிவரை, பிடிக்கவே விடுவதில்லை என்று எழுதியிருந்தாய். அந்தச் சட்டத்தை யோசித்தவர்கள் தண்ணீரை அறிந்தவர்கள். இங்கே அடுத்த வாரம் பாடசாலைப் பிள்ளைகள் சிலரைக் கரைக்குக் கூட்டிப்போய் அந்தச் செந்நிறக் கூட்டத்தைக் காட்டப்போகிறேன்.

நடுவில் குத்தித் தொங்கவிடும் வாக்கி முறையையும் பார்த்தேன். இரண்டு முனையும் நடுங்கிக்கொண்டு இறங்குவது அழகு. ஆனால் முள் வெளியே தெரிவதால் பழைய ஊருக்கு ஆகாது, திறந்த தண்ணீருக்குத்தான். புழுவும் சீக்கிரம் கிழிகிறது. நீ சொன்ன ரப்பர் வளையம் இங்கே கிடைக்காது. சைக்கிள் வால்வுக் குழாயில் மெல்லிய வளையமாக வெட்டி, விரித்துப் புழுவின் நடுவில் ஏற்றி, வளையத்துக்கு அடியில் முள்ளை நுழைத்தேன். ஒரே புழு ஒரு காலை முழுவதும் வந்தது. கிழிந்த புழுக்களில் ஒன்றைக்கூட தண்ணீரில் விடவில்லை. மீன் அதை விழுங்கினால் செரிக்காது. மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி ஒட்டவைக்கிறேன், முற்றத்தில் வைத்து, புகை மூக்கில் படாமல். ஒரு தவறு செய்தேன்: மிச்சப் புழுக்களைச் சாதாரண பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடிவைத்தேன். ஒரு வாரத்தில் டப்பாவின் அடியே இளகிப் பிசினாகிவிட்டது, கறுப்பின் சாயம் வெள்ளையில் ஏறிவிட்டது. அவற்றை அவை வந்த உறையிலேயே, நிறம் நிறமாகப் பிரித்து வைக்க வேண்டும். ஈயக்குண்டைப் பல்லால் கடித்து இறுக்குவதையும் விட்டுவிட்டேன். சிறுவயதில் நாம் கடித்த ஈயத்தை நினைத்தால் நெஞ்சு நடுங்குகிறது. உன் பேரன் கையில் ஈயம் இருந்தால் வாங்கி வைத்துவிடு. அவன் முதல் பாஸ் பிடித்த படத்தைப் பார்த்தேன். மீனைத் தாடையில் பிடித்திருக்கும் விதம் நன்று, ஆனால் மற்றக் கையால் வயிற்றையும் தாங்கச் சொல்.

இனி உன்னிடம் கேட்பது. மழை வருவதற்கு முன் இன்னும் மூன்று நான்கு தடவை போக முடியும். நீ நாற்காலியில் இருக்கும் இந்த நாட்களில் ஒரு தாள் எடுத்து, பழைய கடைத்தெருவை உன் நினைவில் இருப்பதுபோல் வரைந்து அனுப்பு. பஸ் நிறுத்தத்தில் தொடங்கி, ஆற்றுப்பக்கம் எது, மலைப்பக்கம் எது, எந்தக் கடைக்கு எத்தனை படி. என் நினைவில் தேநீர்க் கடைக்குப் படியே இல்லை, தையற்கடைக்கு இரண்டு படி. ஆனால் எனக்கு நிச்சயமில்லை. என் படத்தை நானும் வரைந்து வைத்திருக்கிறேன், உன்னுடையது வரும்வரை உனக்குக் காட்டமாட்டேன். 3/0 அளவு முள் இன்னும் ஒரு பாக்கெட், 3.5 கிராம் குண்டு நான்கு, முடிந்தால்.

உன் பழைய தோழன்