100 கோடி ரூபாய் கார்டு கெடக்கட்டும், 500 ரூபாய்க்காரன் எத வாங்கணும்?

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன வாரம் உங்க ஸ்போர்ட்ஸ் பக்கத்துல அந்த பேஸ்பால் கார்டு, அதான் ஆட்டக்காரர் படம் அச்சடிச்ச அட்டை, அந்த விஷயம் போட்டிருந்தீங்க, 1952ல டாப்ஸ் கம்பெனி அடிச்ச மிக்கி மேன்டில் கார்டு, 2022 ஆகஸ்ட்ல 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது, அன்னைக்கு நம்ம பைசாவுக்கு சுமாரா 100 கோடி. படிக்க கொள்ளாம். ஆனா அத படிச்ச மறுநாளே எங்க தெருவுல பிளஸ் டூ படிக்கிற பயலுவ ரெண்டு பேரு வந்து "அண்ணா, எந்த பாக்கெட் எடுத்தா லக் அடிக்கும்"னு நிக்கிறானுவ, உள்ள எந்த கார்டு இருக்குன்னு பிரிச்சாதானே தெரியும். கார்டு சேக்குறவன்னு என்னைய தெருவுக்கே தெரியும், அதனால கேக்குறானுவ. அவனுவளுக்கு சொன்னத உங்களுக்கும் எழுதலாம்னு தோணுச்சு, ஏன்னா நீங்க போட்டது ஏலத்தோட கதை, கைல மாசம் 300, 500 வச்சிருக்கவன் என்ன செய்யணும்ங்கறது அதுல ஒரு வரி கூட இல்ல.

முதல்ல அந்த கார்டுக்கு ஏன் அந்த விலைன்னு பாக்கணும். மேன்டில் பெரிய ஆட்டக்காரர்தான், யார் இல்லன்னா, ஆனா அவரு கார்டு வந்தது 1952 செட்டோட கடைசி சீரிஸ்ல, அது கடைக்கு வரும்போது பேஸ்பால் சீசனே முடியப்போவுது, பிள்ளைங்க கவனம் எல்லாம் அவங்க ஊர் ஃபுட்பால் பக்கம் போயாச்சு, பெட்டி பெட்டியா விக்காம குடோன்ல கெடந்திருக்கு. எட்டு வருஷம் கழிச்சு 1960ல அந்த செட்ட டிசைன் பண்ண சை பெர்கரே அதையெல்லாம் பார்ஜ்னு ஒரு சரக்கு படகுல ஏத்தி அட்லாண்டிக் கடல்ல கொண்டு போய் கொட்டினாராம், அவரே பின்னாடி சொல்லியிருக்காரு. ஆக அந்த விலைல பாதிக்கு காரணம் ஆட்டம்னா மீதிக்கு காரணம் கடலுக்குள்ள கெடக்கு. இதுக்கு நேர் எதிர் 1980கள் கடைசி, 90கள் ஆரம்பம், அமெரிக்காவுல எல்லாரும் கார்டு சொத்து மாதிரி ஏறும்னு வாங்கி அடுக்க, கம்பெனிங்களும் அச்சடிச்சு தள்ள, இன்னைக்கு அந்த காலத்து கார்டுல முக்கால்வாசி சும்மா குடுத்தாலும் வாங்க ஆள் கெடையாது. இப்ப நம்ம குமரி மாவட்டத்துல மார்த்தாண்டத்துலயோ செட்டிகுளத்துலயோ ஃபேன்சி கடைல சரம் சரமா தொங்குற பாக்கெட் இந்த ரெண்டாவது வகைதான், யாரும் கடல்ல கொட்டப் போறதில்ல.

அடுத்தது பாக்கெட் கணக்கு. இத நான் சொந்தமா சொல்லல, 2018 உலகக்கோப்பை அப்போ கார்டிஃப் யுனிவர்சிட்டில பால் ஹார்ப்பர்னு ஒரு கணக்கு பேராசிரியர் போட்டு பாத்தாரு. பனினி கம்பெனியோட உலகக்கோப்பை ஸ்டிக்கர் ஆல்பத்துல மொத்தம் 682 ஸ்டிக்கர், பாக்கெட்டுக்கு அஞ்சு, யார்கிட்டயும் மாத்தாம தனியா ரொப்பணும்னா சராசரியா 967 பாக்கெட் வாங்கணும், அவங்க ஊர் விலைக்கு 773 பவுண்டு. 682ஐ அஞ்சால வகுத்தா 137 பாக்கெட்தானேன்னு தோணும், ஆனா ஆல்பம் நிரம்ப நிரம்ப கைல வர்றதெல்லாம் டபுள், ஏற்கனவே ஒட்டினதே திரும்ப வரும். முதல் பாதி கிட்டத்தட்ட 95 பாக்கெட்ல நிரம்பிரும், பிள்ளைங்களுக்கு ஆசை ஏத்துறதும் அந்த பாதிதான், கடைசியா ஒரே ஒரு ஸ்டிக்கர் பாக்கி நிக்கும்போது அதுக்கு மட்டுமே சராசரியா 136 பாக்கெட் கிழிக்கணும். அதே ஹார்ப்பர் கணக்குல பத்து பேர் சேந்து டபுள மாத்திக்கிட்டா ஆளுக்கு ஆகுற செலவு மூணுல ஒரு பங்குக்கு வந்துருது. டியூஷன்ல எப்படியும் பத்து பேரு இருக்கானுவ, ஆளாளுக்கு மூடி மூடி வச்சிட்டு தனித்தனியா வாங்கி என்ன ஆவப்போவுது.

கார்டு பாக்கெட்லயும் இதே கதைதான். பல பாக்கெட் பின்னாடி பொடி எழுத்துல 1:24ன்னு போட்டிருப்பான், 24 பாக்கெட்டுக்கு ஒரு அபூர்வ கார்டு சராசரியா வரும்னு அர்த்தம், நீங்க 24 வாங்கினா ஒண்ணு கட்டாயம் உண்டுன்னு அர்த்தம் இல்ல. இன்ஸ்டாகிராம்ல "ஹிட் கேரண்டி", அதாவது அபூர்வ கார்டு கட்டாயம் உண்டுன்னு மிஸ்டரி பாக்கெட் விக்கிறானுவளே, அத தொடவே வேண்டாம், அவனே பிரிச்சு நல்லத எடுத்துட்டு மீதிய சொருகி வச்சிருக்கலாம், யார் கண்டா. பிரிக்கிற சுகம்னு ஒண்ணு இருக்கு, ஒத்துக்கிடுறேன், மாசத்துக்கு ஒரு பாக்கெட் அதுக்குன்னு வச்சுக்கிடட்டும், சினிமா டிக்கெட் மாதிரி செலவு கணக்குல எழுதிரணும்.

பாக்கி பைசாவுக்கு சிங்கிள் வாங்கணும், அதான் நான் சொல்ல வர்றதே. எந்த கார்டு வேணுமோ அத மட்டும் பேரு பாத்து, படம் பாத்து, விலை பேசி வாங்குறது. அதுக்கு முன்னாடி எத சேக்கப் போறோம்னு ஒரு வேலி போட்டுக்கணும், இல்லன்னா கண்ணுல பட்டதெல்லாம் வேணும்னு தோணும். ஒரே டீமா, ஒரே ஆளா, ஒரே வருஷமா, அது அவங்கவங்க இஷ்டம். நான் கோல்கீப்பர் மட்டும். புஃபோன், காசியாஸ், நோயர், பீட்டர் செக். கோல் போடுறவன் பின்னாடிதான் எல்லாரும் ஓடுவானுவ, அதனால கீப்பர் கார்டுக்கும் டிஃபெண்டர் கார்டுக்கும் விலை ஏறுறது கம்மி, உலகக்கோப்பை ஜெயிச்ச கேப்டன் காசியாஸோட சாதா கார்டு ஒண்ணு பல நேரம் ரெண்டு பரோட்டாவும் பீஃபும் தின்னுற காசுக்கு கெடச்சிரும், அதே செட்ல மெஸ்ஸிய கேட்டுப் பாருங்க. கிரிக்கெட்லயும் அப்படித்தான், கோலி, தோனின்னா விலைய கேட்டாலே தலை சுத்தும், அதே டீம்ல பத்து வருஷம் பந்து போட்டவன் ஓரமா கெடப்பான். டாப்ஸ்காரன் ஐபிஎல்லுக்கு கிரிக்கெட் அட்டாக்ஸ்னு விட்டானே, அந்த கார்டெல்லாம் இன்னும் வீடுகள்ல ஷூ பெட்டிக்குள்ள கெடக்கு, அத வெளிய கொண்டு வந்தாலே பாதி கலெக்‌ஷன் ரெடி.

எப்ப வாங்கணும்ங்கறதும் உண்டு. ஃபைனல் நடக்குற வாரத்துல வாங்காதீங்க. ஒருத்தன் ஹாட்ரிக் அடிச்ச ராத்திரியே அவன் கார்டு விலைய ஏத்திருவானுவ, சீசன் முடிஞ்சு எல்லாரும் வேற பேச்சுக்கு போன பிறகு விலை தானா இறங்கும். ரூக்கி கார்டு, அதாவது ஒரு ஆளுக்கு முதல் முதலா வர்ற கார்டு, அதுக்குத்தான் கிராக்கி ஜாஸ்தி. ஆனா பதினெட்டு வயசு பையன நம்பி பைசாவ போடுறதுக்கு, அவன் முட்டி எப்ப போகும்னு தெரியாம இருக்கதுக்கு, ஆடி முடிச்சு ரிட்டயர் ஆனவரோட ரெண்டாவது மூணாவது வருஷ கார்டு எவ்வளவோ மேல், அவரு இனிமே மோசமா ஆடவே முடியாதுல்ல.

கார்டோட சைஸ் பெரும்பாலும் அகலம் ரெண்டரை இஞ்ச், உயரம் மூணரை இஞ்ச். ஸ்கேல் வச்சு அளந்து பாத்தாலே சில டூப்ளிகேட் மாட்டிரும். லென்ஸ் ஒண்ணு வச்சுக்கிட்டா நல்லது, நம்ம வாட்ச் ரிப்பேர் அண்ணாச்சி கண்ணுல சொருகிக்கிடுவாரே அது போதும், ஒரிஜினல்ல படம் ஒழுங்கான குட்டி குட்டி கலர் புள்ளியா இருக்கும், பேரு எழுதியிருக்க எழுத்து ஓரம் வெட்டி வச்ச மாதிரி இருக்கும், ஸ்கேன் பண்ணி அடிச்சதுல அந்த எழுத்து ஓரமும் சேந்து கலங்கிருக்கும். ஆன்லைன்ல வாங்குறதா இருந்தா கார்டுக்கு பக்கத்துல அன்னைக்கு பேப்பர வச்சு, முன்னாடி பின்னாடி ரெண்டு படமும் நாலு மூலையும் எடுத்து அனுப்பச் சொல்லணும், உங்க பேப்பரே போதும் சார். அனுப்ப மாட்டேன்னு சொல்றவன்கிட்ட வாங்கக் கூடாது. படம் நடுவுல இல்லாம ஒரு பக்கம் பார்டர் ஒல்லியா இருந்தா விலை குறையும், அதுல நமக்கு லாபம்தான், வெளிநாட்டுல கார்டோட தரத்த பாத்து மார்க் போடுற பிஎஸ்ஏ கம்பெனிக்கு அனுப்பி பத்துக்கு பத்து வாங்குறது நம்ம வேலை இல்ல, அந்த பீஸ், போற தபால், வர்ற தபால், கஸ்டம்ஸ் எல்லாம் சேத்தா அந்த பைசாவுக்கு பத்து கீப்பர் வாங்கிருவேன்.

வாங்கின பிறகு நம்ம ஊர்ல வேற ஒரு தொந்தரவு, ஈரம். ரெண்டு மழையும் நமக்கு உண்டு, தென்மேற்கும் வடகிழக்கும், போதாததுக்கு கடல் காத்து. ஜூன்ல மேசை மேல வச்ச கார்டு, அதுவும் மினுமினுன்னு இருக்க குரோம் கார்டு, வாழை இலை மாதிரி வளைஞ்சிரும். மெல்லிசு பிளாஸ்டிக் உறை, அதான் ஸ்லீவ்ல போட்டு, மேல டாப்லோடர்னு ஒரு கெட்டி பிளாஸ்டிக் உறைல சொருகி, மூடி இறுகுற டப்பாவுல செருப்பு பெட்டிக்குள்ள வர்ற சிலிக்கா ஜெல் பொட்டலத்த போட்டு வையுங்க. ரப்பர் பேண்ட் போடாதீங்க, ஓரம் வெட்டிரும். தயவு செஞ்சு லேமினேஷன் பண்ணிராதீங்க. ரேஷன் கார்டுல இருந்து கல்யாணப் பத்திரிகை வரைக்கும் லேமினேட் பண்ணி பழகினவங்க நம்ம, ஒரு தடவை பண்ணிட்டா அந்த கார்ட யாரும் காசு குடுத்து வாங்க மாட்டாங்க, பிரிக்கவும் முடியாது.

இன்னொண்ணு, பைசாவே இல்லாம சேக்குறதும் இருக்கு. நாப்பது தாண்டின அண்ணன்மாருக்கு பிக் ஃபன் பபுள்கம் ஞாபகம் இருக்கும், ரன்னும் விக்கெட்டும் போட்ட கிரிக்கெட் கார்டு உள்ள வரும், அப்புறம் ட்ரம்ப் கார்டு, அதெல்லாம் எந்த வீட்டு பரண்ல கெடக்கோ. ஒரு செட்ட முழுசா வச்சிருக்கவங்க இன்னைக்கு எங்க ஆளுங்களுக்கு பெரிய ஆளு. கையெழுத்தும் அப்படித்தான். வெளிநாட்டு பிளேயர் சைன் போட்ட கார்டு நமக்கு எட்டாது, ஆனா இரவிபுத்தன்துறைல இருந்து போய் ஐஎஸ்எல் ஃபுட்பால் லீக்ல ஆடின மைக்கேல் சூசைராஜ் நம்ம மாவட்டத்துக்காரர்தான். தூத்தூர், இரவிபுத்தன்துறை பக்கம் போயி பாருங்க, சந்தோஷ் டிராபி, கிளப் மேட்ச்னு ஆடினவங்க கடற்கரைல சாயங்காலம் பசங்களோட பந்து தட்டிட்டு நிப்பாங்க. ஒரு போட்டோ பிரிண்ட் போட்டு கொண்டு போனா கையெழுத்து போட்டு தருவாங்க, கூட அந்த மேட்ச் கதையும் சொல்லுவாங்க, அது எந்த பாக்கெட்ல வரும்.

சார், உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். ஸ்போர்ட்ஸ் பக்கத்துல மாசம் ஒரு தடவை ஒரு சின்ன கட்டம் போதும், நாகர்கோவில்ல அண்ணா ஸ்டேடியம் வாசல்லயோ மார்த்தாண்டத்துலயோ ஒரு ஞாயித்துக்கெழம காலைல டபுள் கார்ட மாத்திக்கிட எங்க கூடுறோம்னு இடமும் நேரமும் மட்டும் போடுங்க. பிள்ளைங்க போன் நம்பர் எதுவும் போட வேண்டாம். பெத்தவங்க யாராவது ஒருத்தர் கூட வரணும்னும், அங்க வச்சு பைசா கை மாறக் கூடாது, மாத்திக்கிடுறது மட்டும்தான்னும் சேத்து போட்டிருங்க. முதல் வாரம் என் டப்பாவ நான் கொண்டு வந்துருவேன், கீப்பர் தவிர எதுவும் எடுத்துக்கலாம்.

இப்படிக்கு,
கார்டு சேக்குற ஒரு வாசகன்,
தக்கலை.