அலுமாரிகளைத் திறந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

திருகோணமலையில் நாங்கள் நடத்திய பழைய ஒளிப்பதிவுத் திரையிடல் மனநிறைவோடு முடிந்தது. மண்டபத்தில் இருந்தவர்களுக்கும், இடமின்றி யன்னலோரம் நின்று கடைசி வரை பார்த்தவர்களுக்கும் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன்.

நம் மாவட்டத்தின் போர்க்காலம் என்று தேடினால் கவச வாகனங்களும் எரிந்த வீடுகளும்தான் படமாகக் கிடைக்கின்றன. அவை பொய்யல்ல. ஆனால் அதே ஆண்டுகளில் நம் பிள்ளைகள் பண்ணிசை பயின்றார்கள், வடமோடிக் கூத்துக்குக் கால் பழகினார்கள், குப்பிவிளக்கில் படித்து உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். இவற்றைப் படம்பிடிக்க எந்தச் செய்தி நிறுவனமும் வரவில்லை. கலியாண வீட்டுக்கும் சாமத்திய வீட்டுக்கும் வீடியோ எடுத்துப் பிழைத்த நம் ஊர்ப் படப்பிடிப்பாளர்கள்தாம் வாணி விழாவையும் பரிசளிப்பு விழாவையும் எடுத்துவைத்தார்கள். அவர்களில் பலர் இன்று இல்லை. அவர்களுடைய குடும்பங்களுக்கு முதல் நன்றி.

அடுத்தது, அந்த வீடியோ நாடாக்களைக் காத்த உங்களுக்கு. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டு ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோது, காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் இருந்த பைக்குள் மகளின் அரங்கேற்ற நாடாவையும் திணித்துக்கொண்டு ஓடிய தாய்மார் இருக்கிறார்கள். 2006இல் சம்பூரிலிருந்து வெளியேறி, முகாம் முகாமாக அலைந்த குடும்பமொன்று, போட்டுப் பார்க்க ஒரு தொலைக்காட்சிப் பெட்டிகூட இல்லாத காலத்திலும் தன் ஒளிநாடாவைக் கைவிடவில்லை. கிண்ணியாவிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பொல்லுகளைத் தட்டி ஆடும் பொல்லடி ஆட்டம் பதிவான நாடாவைத் தாமே எடுத்துவந்து தந்தார். ஆழிப்பேரலைக்குத் தப்பிய நாடா அது. திரையில் அந்தப் பொல்லுகளின் தாளம் எழுந்ததும் மண்டபம் முழுவதும் கை தட்டியதை அவர் கேட்டிருப்பார்.

நாடாக்களைப் பழுதுபார்த்துத் தந்த அண்ணருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கடற்கரை ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் பெரும்பாலான நாடாக்களில் பூஞ்சணம் படிந்திருந்தது. அப்படியே இயந்திரத்தில் போட்டால் நாடாவைப் படிக்கும் ஹெட் அடைத்துக்கொள்ளும், நாடா கிழியும், அடுத்துப் போடும் நாடாவுக்கும் பூஞ்சணம் தொற்றிவிடும். அவர் ஒவ்வொன்றையும் உலர வைத்துத் துடைத்தார். உறை உடைந்தவற்றைக் கழற்றி அந்த அரை அங்குல நாடாவை வேறு உறைக்கு மாற்றினார். ஓடாத இரண்டு பழைய வீடியோ டெக்குகளின் பாகங்களைச் சேர்த்து ஓடும் ஒன்றை உருவாக்கினார். கூலி என்ற பேச்சை எடுத்தபோது முகம் சுளித்தார். அதனால் இங்கே பகிரங்கமாகச் சொல்கிறேன்: அண்ணா, அன்று திரையில் தெரிந்த ஒவ்வொரு முகமும் உங்கள் கைபட்டு வந்தது.

எல்லோரும் மறுபடி போடச் சொன்ன காட்சி ஒன்று உண்டு. மாணவிகள் சேர்ந்து பாடுகிறார்கள். பாட்டின் நடுவே ஹெலிகொப்டர் ஓசை கூரைக்கு மேலே நெருங்குகிறது. குரல்கள் அதற்குள் அமிழ்ந்துபோகின்றன. ஆனால் ஆசிரியையின் கை தாளம் போடுவதை நிறுத்தவில்லை. பிள்ளைகள் அந்தக் கையைப் பார்த்தே பாடிக்கொண்டிருக்கிறார்கள். ஓசை விலகும்போது பாட்டு சரியான அடியில் இருக்கிறது. அன்று பாடியவர்களில் சிலர் தங்கள் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். கற்பித்தல் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் காட்சி வேறெதையும் நான் பார்த்ததில்லை.

நம் பதிவுகளோடு சேர்த்துக் காட்டிய போர்க்கால லண்டன் காட்சிகளை ஒரு காப்பகத்தில் முறைப்படி அனுமதி பெற்று அனுப்பிய நம் ஊர்க்காரருக்கும், அவற்றுக்கு விளக்கம் சொன்ன இசை ஆசிரியருக்கும் நன்றி. இரண்டாம் உலகப் போரில் அங்குள்ள தேசிய ஓவியக்கூடம் தன் ஓவியங்களை வெளியூர்களுக்கு அனுப்பிவிட்டு வெறும் சுவர்களோடு நின்றது. அந்த வெற்று மண்டபத்தில் மைரா ஹெஸ் என்ற பியானோ கலைஞர் 1939 அக்டோபரில் நண்பகல் கச்சேரிகளைத் தொடங்கினார். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். குண்டுகள் விழுந்த நாட்களில் கச்சேரி நிலவறைக்கு இறங்கியது. 1946 வரை 1,698 கச்சேரிகள் நடந்தன. 1942இலிருந்து மாதம் ஓர் ஓவியத்தை மட்டும் திரும்பக் கொண்டுவந்து மக்கள் பார்க்க வைத்தார்கள். அதே 1942இல், ஏப்ரல் 9 அன்று, அதே போர் ஜப்பானிய விமானங்களாக நம் துறைமுகத்துக்கும் சீனன்குடாவுக்கும் மேலே வந்தது என்று ஆசிரியர் சொன்னபோது, மாணவர்கள் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள்.

ஒரு தாய்க்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். பின்னாளில் காணாமற்போன தம் மகன் பேச்சுப் போட்டியில் பேசும் பகுதியைக் காட்ட அனுமதித்தார். குரலைக் குறைக்க வேண்டாம், பெயரைச் சொல்ல வேண்டாம் என்ற இரண்டே நிபந்தனைகள். அம்மா, இரண்டையும் காத்தோம். தங்கள் நாடாக்களைப் பிரதி எடுக்க மட்டும் சம்மதித்து, திரையிட வேண்டாம் என்றவர்களுக்கும் அதே அளவு நன்றி. அவை உங்கள் சொல் இல்லாமல் வெளியே வரமாட்டா.

முகங்களை அடையாளம் காட்டிய மூத்தவர்கள், சிங்களத்தில் விளக்கம் எழுதித் தந்த அயலவர், இரவிரவாகக் கோப்புகளுக்குப் பெயரிட்ட மாணவர்கள், மண்டபத்தைத் தந்தவர்கள், தேநீர் ஊற்றியவர்கள் எல்லோருக்கும் நன்றி.

மூல நாடாக்களை இந்த மாதமே அவரவர் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவோம், கூடவே ஒரு டிஜிட்டல் பிரதியும். வீட்டில் இன்னும் நாடா வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதைப் பழைய டெக்கில் போட்டுப் பார்க்காதீர்கள். புத்தகம் அடுக்குவதைப் போல நிமிர்த்தி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். எங்களுக்குச் சொல்லி அனுப்பினால் அண்ணரோடு வந்து பார்க்கிறோம்.

நன்றியுடன்,
திரையிடல் குழுவினர் சார்பில்,
திருகோணமலை