வெட்டினால் ஒரு முக்கோணமாவது போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் வாசகர் பகுதியில் தணிக்கை பற்றி இரண்டு கடிதங்கள் அடுத்தடுத்து வந்திருந்தன. ஒருவர், சினிமாவையும் டிவியையும் வீடியோ கேமையும் அரசாங்கம் இன்னும் இறுக்கிப் பிடிக்காவிட்டால் பிள்ளைகள் கெட்டுக் குட்டிச்சுவராகிவிடுவார்கள் என்கிறார். இன்னொருவர், கத்தரிக்கோலையே தூக்கிக் கடலில் வீசச் சொல்கிறார். இருவருக்கும் கோபம் நிறைய, சரி. ஆனால் எனக்கு எரிச்சல் மூட்டுகிற விஷயத்தை இரண்டு பேருமே தொடவில்லை. வெட்டலாமா கூடாதா என்பது அப்புறம். வெட்டியது யார், எதை, எதற்காக என்று பார்க்கிறவனுக்குச் சொல்ல வேண்டுமா வேண்டாமா? அதைத்தான் கேட்கிறேன்.

கொஞ்ச நாள் முன்பு அக்கா மகனோடு டிவியில் ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்குப் பத்து வயது. ஒரு சண்டைக் காட்சியில் கதாநாயகன் வாயைத் திறக்கிறான், உதடு அசைகிறது, சத்தம் இல்லை. "மாமா, என்ன சொன்னாரு?" தெரியாதுடா என்றேன். அவன் விடவில்லை. உதட்டசைவை வைத்து அவனாகவே ஒவ்வொரு வார்த்தையாகப் பொருத்திப் பார்க்க ஆரம்பித்தான். அவன் சொன்ன நாலாவது வார்த்தையில் எனக்கே காது கூசியது. இரவு, நண்பர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அங்கே இருந்தது ஒரு ஊரின் பெயர், கெட்ட வார்த்தை எதுவும் இல்லை. ஊர்ப் பெயரை அமுக்கியது தணிக்கை வாரியமா, சேனலா, வம்பு எதற்கு என்று தயாரிப்பாளரேவா? இன்று வரை தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

நான் தணிக்கைக்கு முழு எதிரி இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏழு வயதுக் குழந்தைக்குக் காட்டக் கூடாதவை இருக்கின்றன, வயது போட்டுப் பிரிப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. இந்தியாவில் 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ சான்றிதழையே 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள், நல்ல காரியம். படத்தை வெட்டாமல் இது இந்த வயதுக்கு என்று எழுதி ஒட்டினால் முடிவெடுப்பது வீட்டில் இருக்கிறவர்கள். ஆனால் ஒட்டுகிற வேலை ஒன்று, வெட்டுகிற வேலை ஒன்று. இரண்டையும் ஒரே கை செய்யும்போது முதல் வேலையின் பெயரைச் சொல்லி இரண்டாவது வேலை நடந்துவிடுகிறது.

எழுத்தில் இருக்கிற தணிக்கை எவ்வளவு மோசமாக இருந்தாலும் அதோடு மல்லுக்கட்ட முடியும். 2016இல் உட்தா பஞ்சாப் படத்துக்கு வாரியம் கொடுத்த வெட்டுப் பட்டியலை எண்ணினால் 89 வரும் என்று அப்போது பேசினார்கள். தயாரிப்பாளர்கள் அந்தப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், நீதிமன்றம் ஒரே ஒரு வெட்டோடு படத்தை விட்டது. பட்டியல் தாளில் இருந்ததால்தான் அது நடந்தது. "கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்" என்று யாரோ போனில் சொல்லியிருந்தால் எந்த நீதிபதியிடம் எதைக் காட்டுவது?

1989இல் வந்த எஸ். ரங்கராஜன் வழக்கும் அப்படித்தான். ஒரே ஒரு கிராமத்திலே என்ற தமிழ்ப் படத்துக்குச் சான்றிதழ் கொடுத்தாயிற்று, எதிர்ப்பு வந்தது, உயர் நீதிமன்றம் சான்றிதழை ரத்து செய்தது, உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. ஊர்வலம் போவேன், கலவரம் செய்வேன் என்று யாராவது மிரட்டினால் அதற்காகப் பேச்சுரிமையை அடக்க முடியாது, சட்டம் ஒழுங்கைக் காப்பது அரசின் கடமை என்று தீர்ப்பு தெளிவாகச் சொன்னது. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் எல்லா வழக்கறிஞர்களும் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

அப்படி ஒரு தீர்ப்பு இருந்தும் 2013இல் விஸ்வரூபத்துக்கு என்ன நடந்தது? தணிக்கை முடிந்த படம். தமிழ்நாட்டில் மாவட்ட ஆட்சியர்கள் 144 தடை உத்தரவு போட்டார்கள். வழக்கு மேலும் கீழும் போனது. கடைசியில் எதிர்த்த அமைப்புகளோடு உட்கார்ந்து பேசி, சில இடங்களில் ஒலியை நீக்க ஒப்புக்கொண்ட பிறகுதான் பிப்ரவரி 7ஆம் தேதி படம் இங்கே வந்தது. அந்த மேஜையில் தணிக்கை அதிகாரி யார்? சட்டப்படி வாரியம் ஒன்று இருக்கிறது, அது பார்த்து அனுமதித்துவிட்டது, ஆனால் நாம் தியேட்டரில் பார்த்தது வேறொரு மேஜையில் பேசி முடித்த படம். படம் பிடித்ததா இல்லையா என்பது வேறு பேச்சு.

இப்போது நிலைமை இன்னும் வழுக்கலாகிவிட்டது. தணிக்கை முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய ஒரு தீர்ப்பாயம் இருந்தது, 2021இல் அதைக் கலைத்தாயிற்று. இனி நேரே உயர் நீதிமன்றம்தான். வெள்ளிக்கிழமை ரிலீஸ் என்று போஸ்டர் ஒட்டிவிட்ட தயாரிப்பாளர் செவ்வாய்க்கிழமை கோர்ட்டுக்குப் போவாரா, தலையாட்டிவிட்டு வெட்டுவாரா? வட்டிக்கு வாங்கிப் படம் எடுத்தவரிடம் போய் கொள்கை பேச எனக்கு மனசு வராது.

ஓடிடி கதை அதைவிட மோசம். அன்னபூரணி படம் தணிக்கை முடிந்து 2023 டிசம்பரில் தியேட்டரில் ஓடியது. அடுத்த மாதம் நெட்ஃப்ளிக்ஸில் இருந்து காணாமல் போனது. புகார்கள் எழுந்தன, தயாரிப்பில் பங்கிருந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, படம் போய்விட்டது. வழக்குப் போடலாம் என்று நினைத்தால்கூட எதிர்த்துப் போட அரசாங்கத் தடையாணை என்று ஒரு தாள் இல்லை. அது நல்ல படமா என்று என்னைக் கேட்காதீர்கள், நான் பாதிதான் பார்த்திருந்தேன். மீதிப் பாதியைப் பார்க்கலாம் என்று வைத்திருந்த நேரத்தில்தான் எடுத்துவிட்டார்கள்.

நம் ஊர்க் கூத்து மட்டும்தான் இது என்று யாரும் நினைக்க வேண்டாம். 2022 ஜனவரியில் சீனாவில் டென்சென்ட் வீடியோ தளத்தில் ஃபைட் கிளப் படத்தைப் போட்டார்கள். 1999இல் வந்த படம், கடைசியில் கட்டடங்கள் வெடித்துச் சரியும். சீனத் தளத்தில் அந்தக் காட்சியே இல்லை. அதற்குப் பதில் திரை இருண்டு நாலு வரி எழுத்து வருகிறது: போலீஸ் சதியைக் கண்டுபிடித்துக் குற்றவாளிகளை எல்லாம் பிடித்துவிட்டது, குண்டு வெடிக்கவில்லை. திருட்டு டிவிடியில் முன்பே பார்த்திருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? இணையமெல்லாம் சிரித்தது. கொஞ்ச நாளில் வெட்டியதில் பெரும்பகுதியைச் சத்தமில்லாமல் திரும்ப ஒட்டினார்கள். வெட்டச் சொன்னது அரசாங்கமா, அரசாங்கம் கேட்பதற்கு முன்பே பயந்துபோய்த் தளமே செய்ததா, படத்தின் உரிமையை வைத்திருந்தவர்கள் செய்ததா என்று யாரும் வந்து சொல்லவில்லை. நான் கேட்பதும் இதே கேள்விதான், அக்கா மகனோடு பார்த்த படத்தில் அமுக்கிய ஊர்ப் பெயருக்குக் கேட்ட அதே கேள்வி.

வீடியோ கேம் பக்கம் வாருங்கள், அங்கே இன்னும் வேடிக்கை. ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவது குற்றம், அவர்கள் வரலாற்றைப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. சினிமா கலை என்பதால் அதற்கு விலக்கு உண்டு, கேமுக்கு 2018 ஆகஸ்ட் வரை நடைமுறையில் அந்த விலக்கு கிடைக்கவில்லை. வுல்ஃபென்ஸ்டைன் என்ற கேம் வரிசையில் விளையாடுகிறவன் வேலையே நாஜிகளைச் சுடுவதுதான். 2017இல் வந்த அதன் புதிய பாகத்தில் ஹிட்லர் வருகிறார். ஜெர்மன் பதிப்பில் அவருக்கு மீசையை எடுத்துவிட்டார்கள்! பெயர் ஹைலர். மீசை இல்லாத ஹிட்லர், சின்னம் இல்லாத நாஜிகள், கதை முழுக்க யார் யாரை எதற்குச் சுடுகிறார்கள் என்றே மங்கிப்போகிறது. நாஜிகள் மறுபடி தலையெடுக்கக் கூடாது என்று போட்ட சட்டம் நாஜிகளின் பெயரையே அழித்த கதை. ஆனாலும் பாருங்கள், எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது. ஜெர்மன் பதிப்பு வேறு, மற்ற பதிப்பு வேறு என்று விளையாடுகிறவர்கள் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள், கேலி செய்தார்கள், அடுத்த ஆண்டே அங்கு விதியைத் தளர்த்தினார்கள்.

ஆஸ்திரேலியாவில் 2008இல் ஃபால்அவுட் 3 என்ற கேமுக்கு முதலில் அனுமதி மறுத்தார்கள். காரணம், காயம்பட்டால் வலி தெரியாமல் இருக்க அதில் மார்ஃபின் ஊசி போட்டுக்கொள்ளலாம். நிஜ உலகத்துப் போதை மருந்து! கம்பெனி என்ன செய்தது? மருந்தின் பெயரை மெட்-எக்ஸ் என்று மாற்றியது. அதே ஊசி, அதே பலன், பெயர் மட்டும் வேறு. அனுமதி கிடைத்துவிட்டது. ஒரு நாட்டு வாரியத்துக்காக மாற்றிய பெயர்தான் கடைசியில் உலகம் முழுக்க வெளியானது. அந்த வாரியத்தின் பெயரையே கேள்விப்படாத நாட்டில் விளையாடியவனும் அதன் தணிக்கையைத்தான் விளையாடினான். அப்போது அங்கே கேம்களுக்கு 18 வயது என்ற பிரிவே கிடையாது, 15க்கு மேல் போனால் தடை. பெரியவர்களும் கேம் ஆடுவார்கள் என்பதை ஏற்று 18+ பிரிவைக் கொண்டுவந்தது 2013 ஜனவரியில்தான்.

தென் கொரியாவில் 2011இல் ஒரு சட்டம் போட்டார்கள், 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை கணினியில் ஆன்லைன் கேம் ஆடக் கூடாது. பிள்ளைகள் அப்பா அம்மா அடையாள எண்ணைப் போட்டு உள்ளே போனார்கள், அப்புறம் எல்லாரும் செல்போனுக்கு மாறிவிட்டார்கள், செல்போன் கேமுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. பத்து வருடம் பார்த்துவிட்டு அரசாங்கமே அதைக் கைவிட்டது. இந்தக் கதையை நான் தடை வேண்டாம் என்பதற்காகச் சொல்லவில்லை. அது வெளிப்படையான சட்டமாக இருந்தது, அதனால் வேலை செய்கிறதா இல்லையா என்று அளந்து பார்க்க முடிந்தது. கண்ணுக்குத் தெரியாத வெட்டை எதை வைத்து அளப்பது?

அரசாங்கம் ரகசியமாகத் தடை போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. மீடியாஒன் என்ற மலையாளச் செய்தி சேனலின் உரிமத்தை 2022இல் ஒன்றிய அரசு புதுப்பிக்க மறுத்தது. ஏன் என்று கேட்டால் தேசப் பாதுகாப்பு என்றார்கள். காரணத்தைச் சீல் வைத்த உறையில் போட்டு நீதிபதியிடம் கொடுத்தார்கள், சேனல்காரர்களுக்குக் காட்டவில்லை. தன் மேல் என்ன குற்றம் என்று தெரியாமலே ஒருவர் எப்படிப் பதில் சொல்வார்? 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. தேசப் பாதுகாப்பு என்ற சொல்லைக் காற்றில் வீசிவிட்டு நியாயமான விசாரணையை மறுக்க முடியாது என்றது. ஒரு சேனலுக்கு மூடிய உறை கூடாது என்றால் என் வீட்டு டிவியில் வாய் அசைந்து சத்தம் வராத அந்த ஒரு நொடிக்கு மட்டும் ஏன் மூடிய உறை?

"இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள், வேலை இல்லையா" என்று சிலர் கேட்கலாம். பிரிட்டனில் 1984இல் வீடியோ கேசட்டுகளைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் போட்டார்கள். அதன் கீழ் இருபத்தைந்து வருடம் வழக்குப் போட்டுத் தண்டித்தார்கள். 2009இல்தான் கண்டுபிடித்தார்கள், அந்தச் சட்டத்தை ஐரோப்பிய ஆணையத்துக்கு முறைப்படி அறிவிக்கவே மறந்திருக்கிறார்கள், அதனால் அமல்படுத்தவே முடியாதாம்! 2010 ஜனவரியில் அதே சட்டத்தை அவசரமாக மறுபடியும் நிறைவேற்றினார்கள். எழுதி வைத்த சட்டத்திலேயே கால் நூற்றாண்டு யாரும் கவனிக்காத ஓட்டை. எழுதாததில் என்னென்ன இருக்குமோ.

நான் கேட்பது புதிதாக எதுவும் இல்லை, பழைய விஷயம்தான். இந்தியாவில் 1983இல் போட்ட தணிக்கை விதிகளில், வெட்டு வாங்கிய படத்தின் சான்றிதழில் இடது பக்கக் கீழ் மூலையில் ஒரு முக்கோணம் இருக்க வேண்டும் என்று இருந்தது. படம் தொடங்கும்போது திரையில் சான்றிதழ் வருமே, நாம் பாப்கார்னைப் பிரித்துக்கொண்டிருப்போமே, அதில். என்ன வெட்டினார்கள் என்ற பட்டியல் சான்றிதழின் இரண்டாம் பகுதியில். எனக்கு இதைச் சொன்னவர் பழைய புரொஜெக்டர் ஆபரேட்டர் ஒருவர். முக்கோணத்தைப் பார்த்தால் முன்வரிசையில் விசில் அடிப்பார்களாம், உள்ளே ஏதோ இருந்திருக்கிறது என்று.

அதே முக்கோணத்தை ஓடிடியிலும் டிவியிலும் கேமிலும் போடச் சொல்லுங்கள், சார். தொட்டால் நாலு வரி வரட்டும்: இத்தனையாவது நிமிடத்தில் இன்னது நீக்கப்பட்டது, நீக்கச் சொன்னது வாரியம், அல்லது சேனல், அல்லது தயாரிப்பாளரே, காரணம் இது. ஓடிடியில் ஒரு படத்தைத் தூக்கினால் அந்த இடத்தைக் காலியாக விடாமல் எந்தத் தேதியில், யார் கேட்டு எடுத்தோம் என்று ஒரு அட்டை போடட்டும். செலவு ஒன்றும் ஆகாது. புகை பிடித்தல் உடல்நலத்துக்குக் கேடு என்று ஒவ்வொரு சிகரெட்டுக்கும் கீழே எழுதத் தெரிந்தவர்களுக்கு இதை எழுத இடமா இல்லை?

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் மறுபடி வந்திருந்தான். இப்போது அவனுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. டிவியில் எங்கே சத்தம் நின்றாலும் ரிமோட்டை வைத்துவிட்டு ஆரம்பித்துவிடுகிறான். அக்கா சமையலறையில் இருந்து கத்துகிறாள், இந்த வார்த்தையெல்லாம் எங்கேடா படிச்சே என்று. மாமா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், என்னைத்தான் முறைக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்