‘மனடச’ என்றொரு பெயர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

31 ஆண்டுகள் அச்சகங்களில் மெய்ப்புத் திருத்தியவன் நான். சென்ற வாரம் ஓர் இணையப் படிவம் எனக்கே மெய்ப்புத் திருத்தியது. பேத்திக்காக ஒரு விண்ணப்பம். அன்றுதான் கடைசி நாள். ‘பெயர் தமிழில்’ என்ற பெட்டியில் மீனாட்சி என்று அடித்தேன். ‘எழுத்துகள் மட்டுமே அனுமதிக்கப்படும்’ என்று சிவப்பில் ஒரு வரி வந்து நின்றது. மீ, னா, ட், சி. இவற்றில் எது ஐயா எழுத்தில்லை? அழித்து அழித்து அடித்துப் பார்த்தேன். கடைசியில் விலங்கு, கால், புள்ளி எல்லாவற்றையும் உருவிவிட்டு ‘மனடச’ என்று அடித்ததும் பச்சை நிறத்தில் சரி போட்டது.

கோவையில் நிரல் எழுதும் அண்ணன் மகனைத் தொலைபேசியில் பிடித்தேன். “கேரக்டர் கிளாஸைத் தவறாகப் போட்டிருப்பார்கள் சித்தப்பா” என்றான். நான் அவனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவன். அவன் எனக்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் சொல்லிக்கொடுத்தவன். இன்ன வடிவம் உரையில் வருகிறதா என்று தேடக் கணிப்பொறிக்குக் கொடுக்கும் ஒரு வரிச் சூத்திரம் அது. அதில் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதுவதுதான் கேரக்டர் கிளாஸ், அதாவது எழுத்து வகுப்பு. உள்ளே இருப்பவற்றுள் ஏதேனும் ஒன்று அந்த ஓரிடத்தில் வரலாம் என்று பொருள். [கசடதபற] என்றால் வல்லினத்தில் ஏதோ ஒன்று. எழுத்தை மூன்று இனமாகப் பிரித்துப் படித்த நமக்கு இது விளங்காதா என்ன?

வகுப்புக்குள் வரம்பும் கொடுக்கலாம். ஏ முதல் இசட் வரை என்று எழுதிப் பழகிய கை, தமிழுக்கு [அ-ஹ] என்று எழுதிவிடுகிறது. உயிர் பன்னிரண்டும் க, ச, த முதலியவையும் கிரந்த எழுத்துகளும் அதற்குள் வந்துவிடும். ஆனால் கணிப்பொறிக்காக எழுத்துகளுக்கு எண் கொடுத்து அடுக்கிய யூனிகோடு அட்டவணையில் துணைக்கால் முதல் புள்ளி வரையுள்ள குறிகள் ஹகரத்துக்குப் பின்னால் இருக்கின்றன. ஆய்தம் அகரத்துக்கு முன்னால் இருக்கிறது. நமக்கு ‘மீ’ ஓர் எழுத்து. கணிப்பொறிக்கோ அது ‘ம’ என்ற எழுத்தும் அதன்மேல் ஏறிய ஒரு குறியும். வரம்பே எழுதாமல், சொல்லில் வரும் எழுத்துகளுக்கென்று ஆயத்தமாக இருக்கும் சுருக்கக் குறியைப் போட்டாலும் தப்பிக்க முடியாது. பைத்தான் என்ற நிரல்மொழியோடு வரும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் கருவியில் அந்தக் குறி ‘தமிழ்’ என்ற சொல்லைத் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டாக்கிக் கையில் கொடுக்கிறது.

நானும் சறுக்கியவன்தான். தொல்காப்பியத்தின் முதல் நூற்பா ‘அகர முதல் னகர இறுவாய்’ என்று வரம்பு கட்டுகிறதே, அந்தத் தைரியத்தில் பதினெட்டு மெய்களுக்கும் சேர்த்து [க-ன] என்று எழுதித் தேடினேன். ப, ம, ய, ர, ல, வ, ழ, ள, ற ஒன்பதும் மாயம். கேளாத ஜ மட்டும் உள்ளே! காரணம், யூனிகோடின் வரிசை நம் நெடுங்கணக்கு அல்ல. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக 1988இல் வகுத்த இஸ்கி என்ற கணிப்பொறி எழுத்து அட்டவணையை ஒட்டியது அது. அதனால் ன, நகரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டது. ற, ரகரத்தை அடுத்து நிற்கிறது.

சரியாக எழுதினால் இது அருமையான கருவி. இப்போதும் வீட்டிலிருந்து சில நூல்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். ஐகாரக் குறி, ஓர் இடைவெளி, அதன்பின் [கசதப] என்று தேடினால், ‘கதவை திறந்தான்’ என்று ஒற்று விட்டுப்போன இடங்கள் வரிசையாக வந்து நிற்கும். ‘மழை பெய்தது’ என்பதும் கூடவே மாட்டும். அது எழுவாய், ஒற்று மிகாது. அதைத் தள்ளுவது என் வேலை. முன்பு முந்நூறு பக்கத்தையும் இதற்கென்றே ஒருமுறை வாசிப்பேன். இப்போது காலைக் காபி ஆறுவதற்குள் பட்டியல் கையில் இருக்கிறது.

ஆகவே படிவம் எழுதும் பிள்ளைகளுக்கு உங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். [அ-ஹ] என்று எழுதிய அதே அடைப்புக்குறிக்குள் துணைக்கால் முதல் புள்ளி வரை இன்னொரு வரம்பைச் சேருங்கள். ஆய்தத்தையும் இடைவெளியையும் தலைப்பெழுத்துக்குப் பின் வரும் முற்றுப்புள்ளியையும் மறக்க வேண்டாம். (அந்தப் புள்ளி அடைப்புக்குறிக்கு வெளியே நின்றால் ‘எதுவும் வரலாம்’ என்று பொருள்படும், உள்ளே வந்தால் வெறும் புள்ளிதான்.) வெளியிடும் முன் ஃபாத்திமா, கிருஷ்ணமூர்த்தி, மு. பொன்னி என்று மூன்று பெயரை அடித்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

எங்கள் விண்ணப்பம் ‘மனடச’ என்ற பெயரிலேயே ஏற்கப்பட்டு, ஒப்புகைச் சீட்டும் வந்துவிட்டது. பெயர்த் திருத்தத்துக்குத் தனிப் படிவம் இருக்கிறது என்றார்கள். திறந்து பார்த்தேன். அதிலும் அதே பெட்டி, அதே சிவப்பு வரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்,
காரைக்குடி.